சிறிய அறையும் பெரிய சத்தமும்

ஒரு கலை எங்கே நிகழ்கிறது என்பது அந்தக் கலையின் ஒரு பகுதி. இது நம் கரையோர மக்களுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டிய செய்தியல்ல. கொழும்புத்துறையிலிருந்து கடற்கரையோரமாகப் பாசையூர், குருநகர், நாவாந்துறை என்று நடந்தால் கத்தோலிக்க நாட்டுக்கூத்து வளர்ந்த கிராமங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். காண்டாவனத்துப் புழுக்கத்தில், காற்று அசையாத இரவில், முழங்காலோடு முழங்கால் இடிபட இருந்து கூத்துப் பார்த்த தலைமுறைக்குத் தெரியும்: அண்ணாவியாரின் மூச்சு வாங்கும் ஒலி கேட்கும் தூரத்தில் இருந்து பார்த்தது ஒரு கூத்து, ஒலிபெருக்கி வழியே தூரத்திலிருந்து கேட்டது வேறொரு கூத்து.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது கூத்தைப் பற்றியல்ல, நேயர்களே. மேல்நாட்டில் 1970களில் தோன்றிய 'பங்க்' எனும் இசையைப் பற்றியும், அதைத் தொடக்கிவைத்த இளைஞர்கள் முதியவர்களாகிய பின்னரும் சின்னஞ்சிறு மண்டபங்களில் வியர்க்க வியர்க்கப் பாடிவருவதைப் பற்றியும் பேசப்போகிறோம். இலக்கிய நிகழ்ச்சியில் இந்த இரைச்சலுக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் அந்த இசை எழுப்பிய கேள்வி ஈழத்து இலக்கிய உலகில் முன்னரே எழுந்த கேள்விதான். என் வாழ்க்கையை என் பேச்சுமொழியில் சொல்ல எனக்கு உரிமை உண்டா? அதற்கு யாரிடம் அனுமதி கேட்கவேண்டும்?

1970களின் நடுப்பகுதியில் மேல்நாட்டு றொக் இசை பெரும் விளையாட்டரங்குகளுக்குள் குடிபோயிருந்தது. பாடகர் எங்கோ ஒரு புள்ளியாகத் தெரிவார். ஒரு பாட்டுக்குள் கால்மணி நேரம் கிற்றார் வித்தை நடக்கும். இசைக்கருவிகளும் ஒலிச்சாதனங்களும் பெரும் பணம் கேட்டன. இந்நிலையில் நியூயோர்க்கின் பவரி வீதியில், நீண்டு ஒடுங்கிய ஒரு மதுச்சாலை, வேறு எங்கும் இடம் கிடைக்காத இளைஞர்களுக்குக் கதவைத் திறந்தது. 1973 டிசம்பரில் தொடங்கிய அந்த இடத்துக்கு சி.பி.ஜி.பி. என்று பெயர். நாட்டுப்புற இசைக்கும் புளூஸ் இசைக்கும் என்று வைத்த பெயர் அது. வந்து நிலைத்ததோ வேறு இசை. 1974இல் அங்கே ஏறிய றமோன்ஸ் குழுவினர் 1976இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டனர். பதினான்கு பாடல்கள்; எல்லாம் சேர்ந்து அரைமணி நேரம்கூட இல்லை.

அதே 1976 செப்டெம்பர் 20, 21ஆம் திகதிகளில் லண்டன் ஒக்ஸ்போர்ட் வீதியில், 100ஆம் இலக்கக் கட்டடத்தின் நிலவறையில் பங்க் விழா ஒன்று நடந்தது. இலக்கமே பெயராக அமைந்த '100 கிளப்' அது. 1942இலிருந்து ஜாஸ் இசை ஒலித்துவந்த அறை. செக்ஸ் பிஸ்டல்ஸ், கிளாஷ், டாம்ண்ட், பஸ்கொக்ஸ் முதலிய குழுக்கள் அங்கே பாடின. சூசி எனும் இளம்பெண் ஒத்திகை பார்த்த பாட்டு ஒன்றுகூட இல்லாமல் மேடையேறி ஏறத்தாழ இருபது நிமிடம் நின்று பிடித்தார். அதுவரை பார்வையாளராக இருந்தவர் அவர். மறு ஆண்டு வெளிவந்த ஒரு சிறு கைப்பத்திரிகை கிற்றாரில் விரல் வைக்கும் மூன்று முறைகளைப் படமாக வரைந்து காட்டி, இனி நீயே குழுவைத் தொடங்கு என்று வாசகனிடம் சொன்னது. பங்க் இயக்கத்தின் இலக்கணநூல் ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது!

இந்த இசைக்குச் சிறிய அறை ஏன் வேண்டும்? தாழ்ந்த கூரை, முழங்கால் உயர மேடை, பாடுவோனுக்கும் கேட்போனுக்கும் இடையே வேலி இல்லை. முந்நூறு உடல்களின் சூட்டில் காற்று கனக்கும். மூச்சும் வியர்வையும் கூரையில் படிந்து திரும்பச் சொட்டும். சூட்டில் கிற்றார்த் தந்தி சுருதி இறங்கும். அதைச் சரிசெய்ய நேரமில்லாமல் அடுத்த பாட்டு தொடங்கிவிடும். பாடகன் ஒலிவாங்கியை நீட்டினால் முன்வரிசை பாடி முடிக்கும். பாடுகிறவன் யார், கேட்கிறவன் யார் என்ற வேறுபாடு அந்தப் புழுக்கத்தில் கரைந்துபோகும். பெரிய அரங்கில் குறையாகத் தோன்றும் அத்தனையும் இங்கே உயிராகிவிடுகின்றன.

இப்போது நம் மண்ணுக்குத் திரும்புவோம். 1960களின் முற்பகுதியில் ஈழத்தில் 'இழிசனர் வழக்கு' என்றொரு விவாதம் சூடுபிடித்திருந்தது. கதைகளில் பேச்சுத்தமிழைக் கையாண்ட முற்போக்கு எழுத்தாளரை மரபுவாதிகள் அந்தச் சொல்லால் சாடினர். மண்வாசனை வேண்டும் என்றது ஓரணி. மொழி கெட்டுவிடும் என்றது மறு அணி. அந்தச் சூடு தணிவதற்குள் அதே பேச்சுத்தமிழ் கிற்றாரோடு பாட்டாக வந்து நின்றது. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம், அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் பயின்ற காலத்தில் சக மாணவரிடையே பாடத்தொடங்கியவர். 'சின்ன மாமியே' என்ற பாட்டை அறியாத ஈழத் தமிழர் குறைவு. மாமி, மகள், கள்ளுக்கடை, ஊர்ப் பகிடி. இவை பாட்டுக்குரிய பொருளா என்று கேட்டவர்களுக்கு மக்கள் கூடவே பாடிப் பதில் சொன்னார்கள்.

அந்தத் தாளம் எங்கிருந்து வந்தது? போர்த்துக்கேயர் காலத்தின் எச்சமாகிய கப்ரிஞ்ஞா இசையும் பைலாவும் சிங்களக் கரையோரங்களில் வேரூன்றியிருந்தன. 1940களில் பொலிஸ் சேவையில் இருந்த வொலி பஸ்தியன் அதற்கு ஒரு புதிய உருவம் கொடுத்தார். அந்தத் துள்ளலைத் தமிழில் பெருங்கூட்டத்தின் முன் கொண்டுசென்றவர்களுள் தலையாயவர் ஏ. ஈ. மனோகரன். அவர் பாடிப் பரப்பிய 'சுராங்கனி' தமிழும் சிங்களமும் கலந்த பாட்டு. அது கடல் கடந்து சென்று 1977இல் இளையராஜாவின் இசையில் 'அவர் எனக்கே சொந்தம்' திரைப்படத்தில் ஒலித்தது. செங்கை ஆழியானின் நாவல் 1978இல் 'வாடைக்காற்று' படமானபோது அதில் மனோகரன் நடித்தார். 'பொப்' என்றும் 'துள்ளிசை' என்றும் அழைக்கப்பட்ட இந்த இசைக்கும் பங்க் இசைக்கும் நேரடி உறவு இல்லை. ஒன்று பகிடி; மற்றது கோபம். ஆனால் இரண்டும் ஒரே பத்தாண்டில், சங்கீத வித்துவான்களிடம் அனுமதி கேட்காமல், கைக்கெட்டிய கிற்றாரை எடுத்துத் தெருப்பேச்சில் பாடின.

இந்த ஒப்பீட்டில் நம்மை அதிகம் நெருங்கி நிற்கும் நகரம் லண்டன் அல்ல, வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற். கத்தோலிக்கர் ஒருபுறம், புரட்டஸ்தாந்தினர் மறுபுறம், இடையே பிரித்தானியப் படை. காவலரண், சோதனை, இருட்டியதும் வெறிச்சோடும் நகர மையம். 1975 ஜூலை 31ஆம் திகதி மயாமி ஷோபாண்ட் எனும் இசைக்குழுவினர் நிகழ்ச்சி முடித்துத் திரும்பும் வழியில், போலிச் சோதனைச்சாவடி ஒன்றில் மறிக்கப்பட்டனர். மூவர் கொல்லப்பட்டனர். அதன்பின் வெளியூர்க் குழுக்கள் அந்தப் பக்கம் வர அஞ்சின. 1977 ஒக்டோபர் 20ஆம் திகதி கிளாஷ் குழுவினர் பாட வந்தபோது காப்புறுதி கிடைக்காமல் நிகழ்ச்சி நின்றுபோயிற்று. திரண்டுவந்த இளைஞர் பெட்போர்ட் வீதியில் பொலிசாரோடு மோதினர். ஒருவரையொருவர் முன்பின் அறியாத இருதரப்புப் பிள்ளைகளும் அன்று ஒரே பக்கத்தில் நின்றனர்.

வெளியிலிருந்து யாரும் வராத இடத்தில் உள்ளேயிருந்துதான் பிறக்கவேண்டும். 1978 ஏப்ரலில் ஹில் வீதியின் 'ஹார்ப் பார்' எனும் மதுச்சாலையில் பங்க் நிகழ்ச்சிகள் தொடங்கின. உன் மதம் என்ன என்று கேளாத அறை அது. ரெறி ஹூலி என்பவர் தம் இசைத்தட்டுக் கடையின் பெயரிலேயே அவ்விளைஞர்களின் பாட்டுக்களைப் பதிந்து வெளியிட்டார். அவற்றுள் ஒன்று டெரி நகரத்து அண்டர்ரோன்ஸ் குழுவினரின் பாட்டு. அதனை பி.பி.சி. வானொலியில் ஜோன் பீல் ஒரே இரவில் அடுத்தடுத்து இருமுறை ஒலிபரப்பினார். வானொலி நேயர்களாகிய நீங்கள் இதன் அருமையை அறிவீர்கள்.

ஸ்ரிஃப் லிற்றில் ஃபிங்கேர்ஸ் குழுவினரின் கதை இலக்கியக்காரருக்கு உரியது. முதலில் அவர்கள் பிறர் பாட்டுக்களைப் பாடிக்கொண்டிருந்தவர்கள். கோர்டன் ஒகில்வி எனும் பத்திரிகையாளர் அவர்களைச் சந்தித்து, உங்கள் நகரத்து வாழ்க்கையையே பாட்டாக எழுதலாமே என்று தூண்டினார். அந்த யோசனையில் பிறந்த பாட்டுக்கள்தான் அவர்களை நிலைக்கவைத்தன. மண்வாசனை இயக்கத்தார் இங்கே இளம் எழுத்தாளருக்குச் சொன்ன அறிவுரையும் இதுவே அல்லவா? நெருக்கடி மிகுந்த 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' நாடகம் குடாநாட்டில் ஊரூராக மேடையேறியபோது, தம் வாழ்க்கையைக் கையெட்டும் தூரத்தில் கண்ட மக்கள் அதைச் சூழ்ந்து நின்றனர். வடிவம் வேறு; தேவை ஒன்று.

ஆண்டுகள் உருண்டன. றமோன்ஸ் குழுவைத் தொடங்கிய நால்வரும் 2014க்குள் மறைந்துவிட்டனர். கிளாஷின் ஜோ ஸ்ரமர் 2002இல் காலமானார். சி.பி.ஜி.பி. 2006 ஒக்டோபரில் மூடப்பட்டது. 100 கிளப்பும் 2010இல் மூடப்படும் நிலைக்கு வந்து, இசை விரும்பிகள் திரண்டு எழுந்ததால் தப்பியது. ஆனால் எல்லோரும் ஓய்ந்துவிடவில்லை. 1976இல் தொடங்கிய யூ.கே. சப்ஸ் குழுவின் பாடகர் சார்லி ஹார்ப்பர் 1944இல் பிறந்தவர். எழுபது வயதைக் கடந்த பின்னரும் சிறு மண்டபங்களில் பாடினார். 1983இல் பிரிந்த அண்டர்ரோன்ஸ் 1999இல் மீண்டும் கூடி, தம் சொந்த ஊராகிய டெரியிலேயே மேடையேறினர்.

கோபம் இளமைக்குரியது, அறுபது வயதில் அதே பாட்டைப் பாடுவது நடிப்புத்தானே என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்வி. பழைய நினைவை விற்றுப் பிழைக்கும் வியாபாரம் அங்கேயும் உண்டு. பெரிய திடலில், பெரிய திரையில், அச்சடித்த சட்டைகளோடு அது நன்றாகவே நடக்கிறது. ஆனால் சிறிய அறையில் ஏமாற்ற முடியாது. நான்கு அடி தூரத்தில் நிற்பவனுக்குக் கழுத்து நரம்பு தெரியும். குரல் எட்டாத இடத்தில் பாடகன் என்ன செய்கிறான் என்பது தெரியும். முன்வரிசையில் இருபது வயதுப் பிள்ளை குதிக்க, பின்சுவரில் சாய்ந்து நரைத்தவர் உதடு அசைப்பார். சொற்கள் பழையவை, பாடும் உடல் மாறியிருக்கிறது. இளைஞன் பாடியபோது வீறாப்பாக இருந்த வரி, அதை நம்பி ஒரு வாழ்நாளைக் கழித்தவன் பாடும்போது சாட்சியமாகிவிடுகிறது.

நமக்கு இது புதிதல்ல. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து 'அரிச்சந்திர மயான காண்டம்' இசைநாடகத்தை ஆயிரக்கணக்கான தடவை மேடையேற்றியவர் என்பர். கதை எல்லோருக்கும் தெரியும்; பாட்டும் தெரியும். தெரிந்ததைத் திரும்பவும் கேட்கவே சனம் போனது. 1989இல் அவர் மறையும்வரை அரிச்சந்திரன் அவரோடு சேர்ந்தே மூப்படைந்தான்.

இந்த இரு உலகங்களும் ஒருநாள் ஒரே பாட்டில் சந்தித்தன. 1975இல் லண்டனில் பிறந்து, பிள்ளைப் பருவத்தை யாழ்ப்பாணத்தில் கழித்து, 1986இல் அகதியாக லண்டனுக்கு மீண்டவர் மாதங்கி அருள்பிரகாசம். 'மாயா' என்றும் 'எம்.ஐ.ஏ.' என்றும் உலகம் அவரை அறியும். 2007இல் அவர் வெளியிட்ட 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டு, கிளாஷ் குழுவினர் 1982இல் பாடிய ஒரு பாட்டின் இசைத்துண்டின்மேல் கட்டப்பட்டது. கிளாஷ் பாடியது, வேண்டப்படாத புலம்பெயர்ந்தோரைப் பற்றி வெளியிலிருந்து. அதே இசையின்மேல் புலம்பெயர்ந்தவளே தன் குரலில் பகிடியோடு பதில் சொன்னாள். பங்க் இசையின் கோபமும் நம் துள்ளிசையின் பகிடியும் கைகோத்த இடம் அது என்று சொன்னால் மிகையாகாது.

நம் துள்ளிசைக்காரருக்கு என்ன ஆயிற்று? மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் தம் 73ஆம் வயதில் காலமானார். நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். பாடியவரும் கேட்டவரும் கண்டங்கள் தோறும் சிதறினர். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது கொழும்புத்துறையும் வெறுமையாயிற்று. அந்த இரவில் யார் இசைத்தட்டையும் கிற்றாரையும் சுமந்து போனார்கள்? பாட்டுக்கள் பதிவுகளில் தப்பிவிட்டன. தப்பாதது, அவை நிகழ்ந்த அறை. எந்த இடத்தில் சனம் சிரித்தது, எந்தச் சொல்லைப் பாடகன் ஊருக்கு ஊர் மாற்றினான், எந்த வரியைக் கூட்டம் தானே எடுத்துப் பாடியது என்பதை ஒலிநாடா முழுதாகச் சொல்லாது. அதைப் பாடியவர்களும் அருகிருந்து கேட்டவர்களுமே சொல்லமுடியும். அவர்கள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

ஆகவே, நேயர்களே, உங்கள் ஊரிலோ நீங்கள் வாழும் நாட்டிலோ ஒரு பழைய கலைஞர் சிறு மண்டபத்தில் பாடுகிறார், ஆடுகிறார், கூத்துக்குப் பிற்பாட்டுப் படிக்கிறார் என்று கேள்விப்பட்டால் போய்க் கேளுங்கள். விசிறி இல்லை, புழுக்கம் தாங்கமுடியாது, குரல் முன்போல் இல்லை என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். பின்வரிசையில் நில்லாமல் கிட்டப்போய் நில்லுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த வரியை அடுத்து எடுத்துப் பாட ஆள் வேண்டும்.