கிஸ்தி கட்டிய காலம்

தொப்பம்பட்டியில் எங்கள் வீட்டில் ஒரு தகரப்பெட்டி உண்டு. அப்பா அதில் கிஸ்தி ரசீதுகளைக் கட்டுக் கட்டாக வைத்திருந்தார். மானாவாரிச் சோளக்காடு. மழை பொய்த்தால் "இந்த ஜமாபந்தியில் வஜா கிடைக்குமா?" என்பதுதான் அவருடைய பெரிய கவலை. இந்த ரசீதுக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறதா என்று பணி ஓய்வுக்குப் பிறகு படிக்கும்போதுதான் தெரிந்தது.

திண்டுக்கல் சீமையை ஆங்கிலேயர் 1783-ல் பிடித்தார்கள். மறு வருடமே மங்களூர் உடன்படிக்கைப்படி திப்புவிடம் திருப்பிக் கொடுத்தார்கள். 1790-ல் மீண்டும் பிடித்தார்கள். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு அது நிரந்தரமாகக் கம்பெனி வசம் போனது. நம் ஊர் சனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிடித்தாயிற்று, ஆள்வது எப்படி? கம்பெனி அடிப்படையில் ஒரு வியாபார நிறுவனம். அதைக் கட்டுக்குள் வைக்க லண்டன் பார்லிமெண்ட் 1773-லும் 1784-லும் சட்டம் போட்டது. கலெக்டர் சென்னைக்கு எழுத வேண்டும், சென்னை கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் எழுத வேண்டும். கப்பலில் கடிதம் போகவே ஐந்தாறு மாதம். பதில் வருவதற்குள் இங்கே ஒரு வெள்ளாமை முடிந்து அடுத்த விதைப்பு வந்துவிடும்.

இதற்கிடையில் பாளையக்காரர்கள் எதிர்த்தார்கள். பழனியிலிருந்து ஒட்டன்சத்திரம் போகிற வழியில் இருக்கிறதே விருப்பாட்சி, அந்தப் பாளையத்துக் கோபால நாயக்கர் 1801-ல் தூக்கிலிடப்பட்டார். அடுத்த வருடம், 1802-ல், ஜில்லா நீதிமன்றங்களுக்கும் நிலவரிக்கும் சென்னை அரசு வரிசையாகச் சட்டங்கள் போட்டது.

அதில் 25-ஆவது சட்டம், 1793-ல் வங்காளத்தில் காரன்வாலிஸ் கொண்டுவந்த நிரந்தர வரித்திட்டத்தை இங்கேயும் கொண்டுவந்தது. கங்கைக்கரைக்குப் போட்ட கணக்கு! திண்டுக்கல் சீமையைத் துண்டு போட்டு ஜமீன்களாக விற்றார்கள். மழை வந்தாலும் வராவிட்டாலும் ஒரே தொகை. கிணற்றையும் வானத்தையும் நம்பிய கரிசலும் செவலும் அதைத் தாங்குமா? வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை. நிலங்கள் மறுபடி சர்க்கார் கைக்கே வந்தன.

பாராமகாலில் ஊர் ஊராக நடந்து கணக்கெடுத்துப் பழகியவர் தாமஸ் மன்றோ. 1820-ல் அவர் கவர்னரான பிறகு, உழுகிறவனிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை உறுதிப்பட்டது. அதிலும் வரிப்பளு குறையவில்லை, தாசில் சிப்பந்திகளின் கெடுபிடியும் இருந்தது. ஆனால் பட்டா உழவன் பேரில் வந்தது. விளைச்சல் போனால் வஜா கேட்கவும் வழி இருந்தது.

சட்டம் எழுதினவர்கள் எல்லாருமே கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. படித்தவர்கள்தான். ஆனால் எங்கள் சோளக்காடு காய்வதை அவர்களால் அங்கிருந்து பார்க்க முடியவில்லை. பார்த்தவன் சொல்லுக்கு அங்கே மதிப்பும் இல்லை.

தகரப்பெட்டி இப்போது என் அலமாரியில் இருக்கிறது. ரசீதுகளில் பாதி செல்லரித்துவிட்டது. உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஏதாவது இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.