சிவப்புப் பூவும் சின்னக் கொடியும்

நவம்பர் மாதம் வந்துவிட்டால் இங்கிலாந்தில் பலருடைய சட்டையில் ஒரு சிவப்புக் காகிதப்பூ இருக்கும். பிரதமர் முதல் பேருந்து ஓட்டுநர் வரை குத்திக்கொள்ளும் அந்தப் பூவின் பெயர் பாப்பி. நம் வீட்டுக் கசகசாச் செடிக்கு உறவான ஒரு காட்டுப்பூ. போரில் இறந்த வீரர்களுக்கு அது எப்படி அடையாளமானது?

முதல் உலகப்போரில் (1914-1918) பெல்ஜியம், வடக்கு பிரான்ஸ் வயல்களைப் பீரங்கிக் குண்டுகள் புரட்டிப் போட்டன. பாப்பி விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். மண் கிளறப்பட்டு வெளிச்சம் பட்டால் முளைக்கும். அதனால் புல்லும் மரமும் அழிந்த இடத்தில், கல்லறைகளுக்கு நடுவே அந்தப் பூ மட்டும் கூட்டமாகப் பூத்தது. 1915 மே மாதம் நண்பனைப் பறிகொடுத்த கனடா ராணுவ மருத்துவர் ஜான் மெக்ரே, அதை வைத்து ஒரு கவிதை எழுதினார். கவிதை உலகெங்கும் பரவியது. மெக்ரேயோ போர் முடிவதைப் பார்க்காமல் 1918 ஜனவரியில் இறந்துபோனார்.

கவிதையைப் படித்த அமெரிக்க ஆசிரியை மொய்னா மைக்கேல், 1918 நவம்பரில் துணியால் செய்த பாப்பிப் பூக்களை வாங்கித் தானும் அணிந்து, மற்றவர்களுக்கும் கொடுத்தார். பிரான்ஸைச் சேர்ந்த அன்னா கெரென் ஒரு படி மேலே போனார். போரில் வாழ்விழந்த பெண்களும் பிள்ளைகளும் செய்த பூக்களை விற்று, அந்தப் பணத்தை அவர்களுக்கே உதவியாகக் கொடுக்கும் திட்டம் அவருடையது.

1921ல் பிரிட்டனின் முன்னாள் வீரர் அமைப்பான பிரிட்டிஷ் லீஜியன் அதை ஏற்றது. வரவழைத்த 90 லட்சம் பூக்களும் விற்றுத் தீர்ந்தன. ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. 1922ல் ஊனமுற்ற வீரர்களுக்கு வேலை தரவே லண்டனில் பாப்பி தொழிற்சாலை தொடங்கப்பட்டது. பூவை வாங்கியவருக்கு அது நினைவுச்சின்னம். செய்தவருக்கு அன்றாடச் சோறு.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. இறந்தவரைப் போற்றுவதோடு நிற்காமல், இனிப் போரே கூடாது என்றும் சொல்லவேண்டும் என்று நினைத்த கூட்டுறவுப் பெண்கள் சங்கத்தார், 1933ல் வெள்ளைப் பாப்பியை அறிமுகப்படுத்தினார்கள்.

அந்தப் போரில் இந்தியர்களும் இறந்தார்கள், சுமார் 74 ஆயிரம் பேர். சுதந்திர இந்தியா தன் வீரர்களுக்காக 1949ல் டிசம்பர் 7ஆம் தேதியைக் கொடி நாளாக அறிவித்தது. சிவப்பு, கருநீலம், இளநீலம் என்று முப்படைகளையும் குறிக்கும் அந்தச் சின்னக் கொடியைப் பள்ளியிலும் அலுவலகத்திலும் கொடுத்து நன்கொடை வாங்குகிறார்கள். போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும், முன்னாள் வீரர்களின் நலனுக்கும் அது போகிறது.

சிலைக்கு மாலை போடுவது சுலபம். மாலை மறுநாள் வாடிவிடும். வீரனின் மனைவிக்கு அடுத்த மாத வாடகையும், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணமும் வாடாமல் நிற்கும் கவலைகள். பூவும் கொடியும் அந்தக் கவலையில் பங்கு கேட்கின்றன. அதனால்தான் அவை வெறும் அலங்காரம் இல்லை.