தெர்மாக்கோல் உணவுப் பெட்டிகள்: தடையும் உடல்நலமும்

பாலிஸ்டைரீன் என்னும் நெகிழியை நுரைபோல் உப்பச் செய்து தயாரிக்கப்படுவதே தெர்மாக்கோல். நோயாளிக்கு வெளியிலிருந்து கஞ்சி, இட்லி, ரசம் போன்றவற்றை வாங்கி வருவோர் இதனைப் பற்றி அறிந்திருத்தல் அவசியம்.

சட்டம் கூறுவது என்ன?

தமிழ்நாடு அரசு, 25.6.2018 நாளிட்ட அரசாணை எண் 84-இன்படி, ஒருமுறை மட்டும் பயன்படுத்தப்படும் நெகிழிப் பொருட்களை 1.1.2019 முதல் தடை செய்துள்ளது. தெர்மாக்கோல் தட்டு, குவளை, உணவு கட்டும் நெகிழித் தாள், நெகிழி பூசப்பட்ட காகிதக் குவளை ஆகியவை இதில் அடங்கும். பாலிஸ்டைரீன் தட்டு, குவளை உள்ளிட்டவற்றுக்கு 1.7.2022 முதல் நாடு முழுவதும் தடை உள்ளது. மசினகுடியின் உணவகங்களுக்கும் சாலையோரக் கடைகளுக்கும் இது பொருந்தும். மருந்து, பால் ஆகியவற்றின் உறைகளுக்கு மாநிலத் தடையில் விலக்கு உண்டு. எனவே, மாத்திரைகளை அவற்றின் உறையிலிருந்து மாற்ற வேண்டாம்.

உடல்நலத்திற்கு என்ன பாதிப்பு?

- சூடான, எண்ணெய் மிகுந்த உணவில் ஸ்டைரீன் என்னும் வேதிப்பொருள் சிறிதளவு கலக்கக்கூடும். இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. ஓரிரு முறை உண்டதற்காக அஞ்சத் தேவையில்லை; தொடர்ந்து பயன்படுத்துவதைத் தவிர்க்கவும்.
- தெர்மாக்கோலை எரித்தால் கரும்புகையுடன் கார்பன் மோனாக்சைடும் ஸ்டைரீனும் வெளியேறும். ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய், இதய நோய் உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது கூடுதல் தீங்கு தரும். குளிர்காய்வதற்காகவும் இதனை எரிக்கக் கூடாது.
- வீசப்பட்ட குவளைகளில் தேங்கும் மழைநீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும்.
- முதுமலை புலிகள் காப்பகத்தையொட்டிய இப்பகுதியில், உணவின் மணத்தால் ஈர்க்கப்படும் மான், காட்டுப்பன்றி, யானை ஆகியவை அப்பெட்டிகளையும் விழுங்க நேரிடும். குடியிருப்புகளுக்கு அருகிலும் வரத் தொடங்கும்.

பராமரிப்பவர்கள் செய்ய வேண்டியவை

- மருத்துவமனைக்கு வரும்போதே எவர்சில்வர் தூக்கு, தட்டு, டம்ளர், கரண்டி ஆகியவற்றைக் கொண்டு வரவும். ஒவ்வொரு முறையும் சோப்பிட்டுக் கழுவி, வெந்நீரில் அலசவும்.
- பாத்திரம் இல்லையெனில், வாழையிலையில் கட்டித் தருமாறு கேட்கவும். பாக்குமட்டைத் தட்டும் ஏற்றது. அச்சிட்ட செய்தித்தாளில் உணவைக் கட்டக் கூடாது. அதன் மை உணவில் ஒட்டும்.
- கையிலுள்ள தெர்மாக்கோலை உலர் குப்பையாகத் தனியே பிரித்து ஊராட்சித் தூய்மைப் பணியாளரிடம் ஒப்படைக்கவும்.

புகையைச் சுவாசித்தபின் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் ஏற்பட்டால், நோயாளியைக் காற்றோட்டமான இடத்திற்கு மாற்றி, உடனே 108 அவசர ஊர்தியை அழைக்கவும்.