அணா போனால் என்ன, உறவு போகுமா?

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரில் எல்லோரும் போடுகிற ஒரு கணக்கின் பின்னால் இருக்கும் கதை இது.

ஒட்டுறவுக் கெழு கணக்கில் எண்கள் பெரிதாக இருந்தால், ஏதோ ஒரு எண்ணைக் கழித்து, 10-ஆலோ 100-ஆலோ வகுத்துவிட்டு ஆரம்பிப்போம். ஆனாலும் விடை மாறாது. ஏன்? அந்தக் கெழு பிறந்ததே அளவுகளின் தொல்லையைத் தீர்க்கத்தான்!

1888-இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்ட்டன் சுமார் 350 ஆண்களின் உயரத்தையும் முழத்தையும் ஒப்பிட்டார். நம்ம பூக்காரம்மா அளக்கிற அதே முழம்தான். உயரம் ஆளுக்கு ஆள் நிறைய மாறும், முழம் கொஞ்சம்தான் மாறும். அதனால் உயரம் ஓர் அங்குலம் கூடினால் முழம் எவ்வளவு கூடும் என்று கேட்டால் ஒரு விடை, திருப்பிக் கேட்டால் வேறு விடை. ஒவ்வோர் அளவையும் அதனதன் பரவலால் வகுத்துப் பார்த்தார். எந்தப் பக்கம் கேட்டாலும் ஒரே விடை, சுமார் 0.8! பிறகு 1896-இல் கார்ல் பியர்சன் திட்ட விலக்கத்தை வைத்து, இன்று நாம் படிக்கும் சூத்திரத்தைக் கொடுத்தார்.

எண்களை 100-ஆல் பெருக்கினால் சூத்திரத்தின் மேலேயும் 100, கீழேயும் 100. அடிபட்டுப் போகும். கழிப்பதும் கூட்டுவதும் சராசரியோடு சேர்ந்து நகர்ந்துவிடும். ஒரு பக்கத்தை மட்டும் மைனஸ் எண்ணால் பெருக்கினால் குறி மட்டும் மாறும். ஆனால் லாக் எடுத்தால் இந்த விதி செல்லாது.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு 16 அணா என்பது போய், 100 நயா பைசா வந்தது. மழையையும் நெல் விலையையும் ஒப்பிடுகிறோம் என்று வையுங்கள். விலை முழுக்க அணாவில் இருந்தாலும் முழுக்கப் பைசாவில் இருந்தாலும் கெழு ஒன்றுதான். ஆனால் 1956 வரை அணா, அதற்குப் பிறகு பைசா என்று ஒரே பத்தியில் கலந்தால்? 8 அணாவும் 50 பைசாவும் ஒரே காசுதான். பத்தியிலோ 8-க்குக் கீழே 50, விலை ஆறு மடங்கு எகிறிய மாதிரி! அப்புறம் வருகிற கெழு மழையைப் பற்றிப் பேசாது, நாணயம் மாறியதைத்தான் பேசும்.

எங்கள் உத்திரமேரூரின் கி.பி. 921 கல்வெட்டில், குடவோலையில் பெயர் எழுதக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும் என்று இருக்கிறது. வேலியை ஏக்கராக்கினாலும் யாருக்கு அதிக நிலம் என்பது மாறாது, எல்லோருக்கும் ஒரே கோலால் அளந்தால்! பழைய கணக்குகளை வைத்து புராஜெக்ட் செய்பவர்கள் முதலில் வருஷத்தைப் பாருங்கள், அடுத்து அலகைப் பாருங்கள், அப்புறம் கால்குலேட்டரைத் தொடுங்கள்.