மன்றோ (குடும்பப்பெயர்)

ஸ்காட்லாந்தின் வடபகுதியில், ராஸ் வட்டாரத்தில் தோன்றிய குலப்பெயர். குலத்தலைவரின் இருப்பிடம் டிங்வால் அருகிலுள்ள ஃபௌலிஸ் கோட்டை. அயர்லாந்தின் ரோ ஆற்றங்கரையிலிருந்து முன்னோர் வந்ததால் இப்பெயர் ஏற்பட்டது என்பது குல மரபு. இதற்கு உறுதியான சான்றில்லை. அமெரிக்காவில் இது பெரும்பாலும் 'மன்ரோ' (Monroe) என்ற எழுத்துக்கூட்டலில் வழங்கும். அந்நாட்டின் ஐந்தாம் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் மன்ரோ இவ்வழியினர். கனடா எழுத்தாளர் ஆலிஸ் மன்றோவுக்கு இது திருமணத்தால் வந்த பெயர்.

தமிழகத்தில் இப்பெயரை நிலைக்கச் செய்தவர் கிளாஸ்கோவில் பிறந்த தாமஸ் மன்றோ (1761–1827). 1792-இல் மைசூர் சுல்தான் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற பாராமகால் பகுதியை அலெக்சாண்டர் ரீடின் கீழ் நிர்வகித்த உதவியாளர்களில் ஒருவராக, தருமபுரியில் தங்கினார். உடன் பணியாற்றிய மெக்லியோட், கிரஹாம் ஆகியோரின் பெயர்களும் ஸ்காட்லாந்துப் பெயர்களே. உழவரிடமே நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறை பாராமகாலில்தான் உருப்பெற்றது. ஓசூர்ப் பகுதி அப்போது மைசூரிடமே இருந்தது. 1799-இல்தான் கம்பெனி வசமானது. அதே ஆண்டு மன்றோ கன்னடக் கடற்கரைக்கு மாற்றப்பட்டார். 1820 முதல் சென்னை ஆளுநர். பத்திகொண்டா என்ற ஊரில் காலராவால் இறந்தார். சென்னைத் தீவுத்திடலில் அங்கவடியில்லாக் குதிரைமேல் அமர்ந்த அவரது சிலை உள்ளது, வடித்தவர் சான்ட்ரி.

கேரளத்தின் மன்றோ துருத்து என்னும் தீவு வேறொருவர் பெயரால் அமைந்தது: திருவிதாங்கூர் ரெசிடென்ட் ஜான் மன்றோ. இருவரையும் குழப்பிக்கொள்வது வழக்கம்.