மூட்டும் தசையும் தமிழும்

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவிய நம் முன்னோர், தோள்மூட்டு பல திசையிலும் சுழல்வதையும், முழங்கை மூட்டு கதவின் கீல்போல் மடங்கி நீள்வதையும் தம் உழைப்பாலேயே உணர்ந்தவர்கள். தசைக்கு இழுக்கவே இயலும், தள்ள இயலாது. ஆகவே, மேற்கையின் முன்புறத்து இருதலைத் தசை சுருங்கும்போது கை மடங்குகிறது. பின்புறத்து முத்தலைத் தசை சுருங்கும்போது நீள்கிறது. ஒன்று சுருங்க, மற்றொன்று தளர்கிறது.

இப்பாடத்தைத் தமிழில் நடத்தல் கூடுமோ என ஐயுறுவோர் இன்றும் உளர். அவர்க்கு யாழ்ப்பாண வரலாறு விடை பகரும். 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். தாமே தமிழ் கற்றார். கட்டர் என்பாரின் உடற்கூற்று நூலைத் தமிழாக்கி 1857இல் வெளியிட்டார். 1864 முதல் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். கலைச்சொல் இல்லையென அவர் கைவிரித்தாரில்லை. தமிழிலும் வடமொழியிலும் தேடி ஆக்கிக்கொண்டார்.

நம் நாட்டில் 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டன. பின்னர் அக்கொள்கை கைவிடப்பட்டது. மீண்டும் கிட்டிய வாய்ப்பை நாம் வீணாக்கலாகாது. மாணவர் தம் கையை மடக்கி, திரளும் தசையைத் தொட்டறியட்டும். அதன் பெயரையும் தமிழிலேயே சொல்லட்டும்.