உடையார்கட்டு: 2008 வெள்ளமும் கத்தோலிக்கத் துறவியரும்

உடையார்கட்டு, இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்தில் பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் (ஏ-35) குளத்தையும் வயலையும் நம்பியிருக்கும் ஊர். 2008 நவம்பர் இறுதியில் நிசா புயல் மழை வன்னியில் கொட்டியபோது, போரால் இடம்பெயர்ந்த சனம் இப்பகுதியில் தறப்பாள் கொட்டில்களில் இருந்தது. மண்தரையில் வெள்ளம் ஏறினால் அடுப்பும் இல்லை, படுக்கப் பாயும் இல்லை.

செப்டம்பரிலேயே அரசின் உத்தரவால் ஐ.நா. நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளியேறியிருந்தன. எஞ்சிய மிகச் சிலவற்றுள் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவும் கத்தோலிக்கத் தொண்டு நிறுவனமான கரித்தாசும் அடங்கும். கரித்தாசின் பணியை யாழ்ப்பாண மறைமாவட்டத்தில் நடத்துவது ‘கியூடெக்’ எனப்படும் மனித முன்னேற்ற நடுநிலையம். குருக்கள், அருட்சகோதரிகள் பலர் சனத்தோடு சனமாக இடம்பெயர்ந்தவர்கள். ஆகவே ‘நிவாரணம் வழங்கினர்’ என்று மட்டும் அவர்களைப் பற்றி எழுதுவது போதாது.

அந்த வெள்ளத்தை அடுத்து வந்த 2009 சனவரியில், பொதுமக்களுக்கென அரசு அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயத்துக்குள் உடையார்கட்டும் வந்தது.